பஞ்சாபி பாக் என்றால் ‘பிறகு பார்ப்போம்’

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆறாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், மயூர் விஹார் நித்திலம் கூட்டுறவுக் குடியிருப்பின் சமூகக் கூடத்து மாடியறையில் பழைய பூட்டு அகற்றப்பட்டுப் புதிய பூட்டு போடப்பட்டிருந்தது. அவ்வறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்திவந்த திருமதி கனிமொழிக்கு முன்னறிவிப்பு தரப்படவில்லை, சாவி தரப்படவில்லை, காரணமும் தரப்படவில்லை. பூட்டை மாற்றப் பணித்தவர் யார் என்பது இன்றுவரை சொல்லப்படவில்லை. நிர்வாகக் குழுவின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இது. இது தொடர்பாக நான் எழுதிய மூன்று விண்ணப்பங்களின் படிகளும், அலுவலக முத்திரை பெற்ற ஒப்புகைகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. பதில் மட்டும் இல்லை.

குற்றம் எவருக்கு இழைக்கப்பட்டது என்று தெரியாதவரிடம் குற்றத்தை மட்டும் சொல்வது, முகவரி எழுதாத உறைக்குத் தபால்தலை ஒட்டுவதைப் போன்றது. ஆகவே கனிமொழியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் குடியாத்தத்தில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். தரைப்படையில் எழுத்தராக இருந்த ரமேஷ்குமாரை மணந்து, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுப் பனிக்காலத்தில் தில்லிக்கு வந்தார். வந்த மறுவருடம் நேரு பிளேஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தார்கள். தற்காலிக வேலை. தொலைபேசியை எடுத்து வணக்கம் சொல்லும் அளவுக்கு ஆங்கிலமும், தேநீர் கொண்டுவரச் சொல்லும் அளவுக்கு இந்தியும் அவரிடம் இருந்தன. அவை போதும் என்றார்கள்.

அலுவலகத்து ஆங்கிலம் வேறொரு மொழி என்பதை அவர் அங்கேதான் கண்டார். பள்ளிப் புத்தகத்து ஆங்கிலத்தில் மனிதர்கள் வருவார்கள், போவார்கள், பழம் தின்பார்கள். மேலாளர் பேசிய ஆங்கிலத்தில் வேலை தொடங்கினால் பந்துகள் உருண்டன. பின்னடுப்பில் எதுவோ கொதித்தது. கைக்கெட்டும் கிளையில் கனிகள் தொங்கின. ஆனால் மனிதர்களைக் காணவில்லை. வேலை ஒன்று நடந்தது என்றார்கள், நடத்தியவர் இல்லை. முடிவு ஒன்று எடுக்கப்பட்டது என்றார்கள், எடுத்த கை தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கூட்டம் நடக்கும்போது அந்தச் சொற்றொடர்கள் மீன்தொட்டிக்குள் நீந்துவனபோல அவருக்குத் தோன்றுமாம். அழகாக இருக்கும், கையில் பிடிக்க முடியாது.

வேலை நிரந்தரமாகுமா என்று அவர் ஒருநாள் கேட்டார். “வீ வில் சர்க்கிள் பேக்” என்றார் மேலாளர். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இதே விஷயத்துக்குத் திரும்பி வருவோம் என்பது அதன் பொருள். பொருள் கனிமொழிக்கு நன்றாகவே விளங்கிற்று, ஆகவே காத்திருந்தார். பனி விலகி, வெயில் ஏறி, புழுதிக் காற்று வீசி, மழை பெய்தது. அவர் மேசைக்கு எதிரே ஒரு பழுப்பு நிற சோபா இருந்தது. அதில் வாரந்தோறும் வந்து உட்கார்ந்த ஜலந்தர் வியாபாரிக்கும் அதே சொற்றொடர்தான் சொல்லப்பட்டிருந்தது. அச்சு இயந்திரம் பழுதுபார்க்கும் ஆளுக்கும் அதுவே. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். திரும்பி வருவதாகச் சொன்ன ஒன்றுக்காக ஓர் அறையில் மூன்று பேர் காத்திருக்கிறோம், அது இந்நேரம் நகரத்தின் எந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு மழைநாளில் அவருக்குத் தோன்றிற்று. எழுந்து உள்ளே போனார்.

“சார், யெஸ் ஆர் நோ, அத மட்டும் சொல்லுங்க.”

மேலாளர் நெடுநேரம் பேனாவை உருட்டிவிட்டு, “நோ” என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், மாதக்கணக்கில் தூக்கிவைத்திருந்த குடத்தை இறக்கிவைத்தாற்போல் இருந்தது என்று கனிமொழி என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த மாதமே வேறு அலுவலகம் தேடிப் போனார். இன்று ஓக்லாவில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பொறுப்பான இடத்தில் இருக்கிறார்.

நித்திலத்துக்குக் குடிவந்தபின், இங்கிருந்த பெண்கள் பலருக்கும் இதே பந்துகளும் அடுப்புகளும் தொல்லை தருவதைக் கண்டார். வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. ஜெயலட்சுமி அம்மாள் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பாளையங்கோட்டைக்காரர், நொய்டாவில் இரண்டு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார். அந்த அலுவலகங்களிலிருந்து வரும் மின்னஞ்சல்களைப் படித்துக் காட்டச் சொல்லி முதலில் வந்தவர் அவர். பிறகு செவிலியர் இருவர், ஒரு வங்கி ஊழியர், மகனின் பள்ளியோடு கடிதப் போர் நடத்திய ஒருவர் என்று பெருகினார்கள். அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் கற்ற நானும் போய் உட்கார்ந்தேன். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். எவரும் தடுக்கவில்லை.

கனிமொழியின் வகுப்பில் பொருள் சொல்வது பாதி வேலை. மீதிப் பாதி, அச்சொற்றொடர் எவரை மறைக்கிறது என்று தேடுவது. “இத யாரு செய்யணும்னு இதுல எங்கனா இருக்குதா பாருங்க” என்பார். நாங்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பவர்களைப்போல ஒவ்வொரு சொல்லாக விலக்கிப் பார்ப்போம். பெரும்பாலும் திரைக்குப் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அப்படி இருந்த அறைக்குத்தான் பூட்டு விழுந்தது.

அன்று படிக்கட்டில் எங்களை எதிர்கொண்டவர் செயலாளர் ப்ரசன்னா. நாற்பது வயது, தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. கெட்ட மனிதர் அல்லர். பேச்சு மட்டும் அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவதில்லை.

“ஆன்ட்டி, அச்சா, சுனியே... அந்த ரூமை கோ-வர்க்கிங் ஸ்பேஸ் பண்ணலாம்னு ஒரு தாட். வீட்டுலேர்ந்து வேலை பாக்கறவங்க லேப்டாப்போட வந்து உக்காரலாம். இன்னும் ஃபைனல் இல்ல. லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன், ஹைனா?”

“எங்களுக்கு அறை உண்டா இல்லையா தம்பி?” என்றார் கனிமொழி.

“அதான் ஆன்ட்டி, இப்போதைக்கு பார்க் பண்ணுவோம். வீ வில் சர்க்கிள் பேக்.”

ஜெயலட்சுமி அம்மாள் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இந்தப் பிள்ள இல்லைங்கான். அதச் சொல்லதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் சுத்திட்டு வாரான்?”

ப்ரசன்னா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கனிமொழி சண்டை போடவில்லை. படியிறங்கி வாசலுக்கு வந்து, வெளுத்த வானத்தைச் சற்றுநேரம் பார்த்தார். “சுத்தணும்னா நாமளும் சுத்துவோம், வாங்கக்கா” என்றார்.

தில்லியின் வட்டச்சாலையை முழுதாகச் சுற்றிவரும் முத்ரிகா பேருந்தைத் தில்லிக்காரர்கள் அறிவார்கள். அதில் ஏறியவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறிய இடத்துக்கே வந்து சேரலாம். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். நதியைத் தாண்டி சராய் காலே கான் சென்று, பிற்பகலில் காலியாக வரும் பேருந்தொன்றில் ஏறிப் பின்வரிசைகளில் அமர்ந்தோம்.

“அம்மா ஜி, உதர்னா கஹாங் ஹை?” என்றார் நடத்துநர். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கிறார்.

“ஏறுன இடத்துலதான் பையா” என்றார் ஜெயலட்சுமி அம்மாள் தமிழிலேயே. நடத்துநர் அவர் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தம் இருக்கைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். என்னுடையது மட்டும் கட்டணச் சீட்டு. அன்று முதல் வாங்கிய எல்லாச் சீட்டுகளையும் தேதி வாரியாக ஒட்டிவைத்திருக்கிறேன். வகுப்பு நின்றுபோய்விட்டது என்று எவரும் பின்னாளில் சொல்லிவிடக் கூடாதல்லவா?

அந்தப் பனிக்காலச் சனிக்கிழமைகளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியே வந்த வெயில் பாலில் கரைத்த மஞ்சள்போல மடியில் கிடந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து மேம்பாலங்கள் ஒவ்வொன்றாக எழுந்து மறைந்தன. பேருந்தின் ஆட்டத்தில் பாதிப் பேர் உறக்கத்தின் கரையில் இருந்தோம். அந்த அரைத்தூக்கத்தில் கனிமொழியின் குரல் கேட்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சொற்றொடரை அவர் குடியமர்த்தினார். ஆசிரமம் சந்திப்பில் பேருந்து மேம்பாலத்தில் ஏறாமல் அதன் அடியில் போகும்போது, ‘டேக் இட் ஆஃப்லைன்’: எல்லார் முன்னும் பேச வேண்டாம், கீழே போய்த் தனியாகப் பேசுவோம். லாஜ்பத் நகரில் ‘பேக் பர்னர்’: இப்போதைக்கு வேண்டாதது பின்னடுப்புக்குப் போகட்டும். பெரிய மருத்துவமனை வாசலில், நடைபாதையில் கம்பளி போர்த்தி அமர்ந்து ஊருக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு வைக்கும் மனிதர்களைக் காட்டி ‘டச் பேஸ்’ என்றார்: இருக்கிறேன் என்று தெரிவிப்பது, அவ்வளவுதான். அந்த ஒன்றைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. எல்லாச் சொற்றொடர்களும் பொய்யல்ல என்று அன்று புரிந்துகொண்டோம்.

தௌலா குவானில் சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாண்டிப் போகின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. அங்கே ‘ஆன் த சேம் பேஜ்’: நாம் எல்லாரும் ஒரே கருத்தில்தான் இருக்கிறோம். வண்டி நிறுத்த இடமே கிடைக்காத ராஜோரி கார்டனில் ‘பார்க் இட்’: இப்போதைக்கு ஓரமாக நிறுத்திவைப்போம். வட்டத்தில் போகிறோமா திரும்புகிறோமா என்று பிடிபடாத பஞ்சாபி பாக்கில் ‘சர்க்கிள் பேக்’. பழமண்டி இருக்கும் ஆசாத்பூரில் ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’: சிரமமில்லாமல் பறிக்கக்கூடிய வேலை. அங்கே பேருந்துக்குள் கொய்யா மணம் வரும். ஒருமுறை செவிலியர் ஒருவர் தூக்கத்தில் கையை உயர்த்தி எதையோ பறிப்பதைப் பார்த்தேன். காஷ்மீரி கேட்டைத் தாண்டி நதியோரமாகத் தெற்கே திரும்பும்போது வெயில் சாய்ந்திருக்கும். ‘அட் த எண்ட் ஆஃப் த டே’ என்பார் கனிமொழி. எல்லாம் பேசித் தீர்த்தபின் எது மிஞ்சுகிறது என்பது அதன் பொருள். அதற்கு மட்டும் அவர் விளக்கம் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அவருக்கு வரும் கனவு ஒன்றையும் அந்தப் பேருந்தில்தான் சொன்னார். விடியாத பொழுது. வட்டச்சாலை முழுதும் பனி. கூட்டங்களில் பேசப்பட்ட வாக்கியங்களெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டு நிறுத்தங்களில் நிற்கின்றன. பேருந்து வருகிறது. கை நீட்டுகின்றன. அது நிற்காமல் போகிறது. ஓட்டுநரிடம் சொல்லலாம் என்று இவர் முன்னால் நடந்து போனால், ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கிறது.

“பயமா இருக்குமா ஏ கனி?” என்றார் ஜெயலட்சுமி அம்மாள்.

“பயமில்லக்கா. எறங்கி அதுங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கணும்னு தோணும்.”

நாளடைவில் எங்களுக்குள் சொற்றொடர்கள் உதிர்ந்து நிறுத்தங்களின் பெயர்களே நிலைத்துவிட்டன. மகன் திருமணத்துக்குப் பிடிகொடுக்கவில்லை என்பதை ஜெயலட்சுமி அம்மாள், “எப்பக் கேட்டாலும் பஞ்சாபி பாக்குங்கான்” என்பார். நொய்டா அலுவலகம் விலை உயர்வுக்குச் சம்மதிக்கவில்லை என்றால், “லாஜ்பத் நகர்லயே வச்சுட்டானுவ.” எங்களுக்கு அது வீட்டுமொழி ஆயிற்று. அதுதான் பின்னால் எங்களைக் கெடுத்தது.

மார்ச் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழு கூடியது. மாடியறை குறித்து முடிவெடுப்பது ஐந்தாவது பொருள். கோடைக்கு முன் அறை திரும்பக் கிடைத்தாக வேண்டும். சித்திரையில் அந்தப் பேருந்துக்குள் மூட்டுவலிக்காரர்கள் மூன்று மணி நேரம் அமர முடியாது. அறை இல்லையேல் வகுப்பு இல்லை. ஜெயலட்சுமி அம்மாள் எழுந்து ஆங்கிலத்தில் பேசுவது, கேள்விக்கு விடை வராவிட்டால் வாக்கெடுப்புக் கோருவது என்று தீர்மானித்திருந்தோம். கணக்குப் பார்த்தால் பெரும்பான்மை எங்கள் பக்கம்தான்.

ஐந்தாவது பொருள் வந்தது. ப்ரசன்னா எழுந்தார். “இந்த விஷயத்துல நாம எல்லாரும் ஆன் த சேம் பேஜ்னு நெனைக்கறேன்...”

“தௌலா குவான்” என்றார் எங்கள் வரிசையில் எவரோ, மெல்ல.

அடக்கிய சிரிப்பு ஒன்று வரிசை நெடுக ஓடிற்று. ப்ரசன்னா தயங்கினார். “டீடெய்ல்ஸை வேணும்னா ஆஃப்லைன்...”

“ஆசிரமம்!” இப்போது மூன்று குரல்கள்.

“க்யா ஹோ ரஹா ஹை, என்ன நடக்குது இங்க? ஆன்ட்டி, ப்ளீஸ். இதை இன்னிக்கு பார்க் பண்ணிட்டு...”

“ராஜோரி கார்டன்!”

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னவென்று கேட்டார்கள். வங்கி ஊழியர் விளக்கினார். அவ்வளவுதான். கூடமே சேர்ந்துகொண்டது. ப்ரசன்னா வாய் திறந்தால் ஏதோ ஒரு நிறுத்தம் வந்தது. துணைத் தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்லுப்பா, அடுத்த ஸ்டாப் எது?” என்றார். அந்த மனிதர் சிவந்து, வியர்த்து, கடைசியில் தாமும் சிரித்துவிட்டார். “ஓகே ஓகே, வீ வில் சர்க்கிள்...” என்று தொடங்கி அவர் நாக்கைக் கடித்துக்கொண்டபோது, “பஞ்சாபி பாக்!” என்று எழுந்த ஓசையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்கள் வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் நாங்கள் அப்படி வென்றதில்லை.

அப்போது சமையற்காரர் ஆட்கள் அண்டாவோடு வாசலில் வந்து நின்றார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் ஒரு சீமந்தம். நாற்காலிகளை எடுக்க வேண்டும். கூட்டம் சிரித்தபடியே எழுந்தது; சிரித்தபடியே கலைந்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பத்து நாள் கழித்து வந்தது. ஐந்தாவது பொருளின் எதிரே இரண்டு வரிகள்: ‘பேருந்து நிறுத்தங்கள் குறித்து உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர். பொருள் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.’ அதன் படியும் என்னிடம் உள்ளது.

கனிமொழி அதை இரண்டு முறை படித்தார்.

“ஓட்டுக் கேக்கவே இல்ல, சார் நாம” என்றார்.

“கேக்கல” என்றேன்.

“ஜெயிச்ச மாதிரி இருந்துதே, அதுல மறந்துட்டோம்.” குறிப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: “அவுங்க பேசுறதுல ஆளு இல்ல, ஆளு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தனே. அன்னிக்கு நம்ம பேச்சுலயும் இல்ல. அறை வேணும்னு ஒருத்தரும் சொல்லல.”

எழுதி மனப்பாடம் செய்த ஆங்கில உரை ஜெயலட்சுமி அம்மாளின் கைப்பைக்குள் மடித்தபடியே கிடந்தது. “அவனுவ பேச்சக் கேட்டுச் சிரிச்சே அவனுவள மாதிரி ஆயிட்டோமே, பாத்தீயளா அண்ணாச்சி” என்றார்.

சித்திரை பிறந்துவிட்டது. பேருந்தின் தகரம் தொட்டால் சுடுகிறது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை நான்கு பேர் வந்தோம். ஜெயலட்சுமி அம்மாளுக்குப் படியேற முடியவில்லை, நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்தார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. மாடியறைக்குள் மடிக்கணினியோடு எவரும் வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. மாலையில் கூடத்துப் பக்கம் நடந்தால், மூடிய ஜன்னல் கண்ணாடியில் வேப்பமரம் அசைவது தெரிகிறது. உள்ளே நாங்கள் விட்டுவந்த பாய்களும் கரும்பலகையும் அப்படியே இருக்கின்றன. பலகையில் கடைசியாக எழுதியதை எவரும் அழித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பங்குப் பிழையை மேலே எழுதிவிட்டேன். அதனால் பூட்டு நியாயமாகிவிடாது. இக்கட்டுரையின் ஒரு படி பதிவுத் தபாலில் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பப்படுகிறது. மாடியறையின் பூட்டை மாற்ற ஆணையிட்டவர் இன்னார் என்பதையும், அவ்வாணைக்கு ஆதாரமான தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் குழு தெரிவிக்க வேண்டும். அப்படியொரு தீர்மானம் இல்லையெனில், இல்லை என்று தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமைப் பிற்பகல்களில் அவ்வறை கனிமொழியின் வகுப்புக்குத் தரப்படுமா, தரப்படாதா என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கட்டில் சொல்லும் விடையும் தொலைபேசியில் சொல்லும் விடையும் ஏற்கப்படா. இந்தப் படி கிடைத்த பதினைந்து நாளுக்குள், பொறுப்பாளர் ஒருவர் தம் பெயரெழுதிக் கையொப்பமிட்ட எழுத்துவடிவப் பதிலை எனக்கு அனுப்பிவைக்குமாறு கோருகிறேன்.